பறவைக்கண் என்னும் ஒரு சொல்

சில மாதங்களுக்கு முன் களமருதூரில் விவசாய அங்கத்தினர் சிலரோடு பயிர்க்கடன் குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் மடித்து வைத்திருந்த காகிதமொன்றை என்னிடம் நீட்டினார். சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய பேரன் தொலைபேசியில் கூறியதைக் கேட்டு அவரே தமிழில் எழுதி வைத்துக்கொண்டது. ‘பேர்ட்ஸ் ஐ. நல்ல கிராக்கி. அரை ஏக்கர் போடலாம்’ என்று அதில் இருந்தது. “இது என்ன தம்பி, பயிரா, வேறு ஏதாவதா?” என்று கேட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த நெசவாளர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு, “பறவைக்கண் என்றால் நம்முடைய மயில்கண்தானே ஐயா! அதை எப்படி அரை ஏக்கர் போடுவது?” என்றார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் எனக்குள் பழைய நினைவு ஒன்று உறுத்தியது. அந்த நெசவாளர் கூறிய அதே விடையை, சில ஆண்டுகளுக்கு முன், சிரிப்புக்கு இடமில்லாத வேளையில் நானே கூறியிருக்கிறேன்.

அப்போது நான் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றினேன். அங்கே ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருந்தது. ‘பேர்ட்ஸ் ஐ’ துவாலைகள் அறுநூறு வேண்டும் என்பது செய்தி. நிர்வாகக் குழுவினர், பட்டதாரி ஆயிற்றே என்று என்னிடம் பொருள் கேட்டனர். நானும் சற்றும் தயங்காமல், “பறவையின் கண், அஃதாவது மயில்கண்” என்றேன். அகராதி பார்த்துச் சொன்ன விடைதான். பிழை அகராதியில் இல்லை. சங்கத்தார் சாதா நெசவில் உடலும், இரு புறமும் மயில்கண் கரையுமாக அறுநூறு துவாலைகளை அழகாக நெய்து அனுப்பினர். இருபது நாட்களில் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. வியாபாரி கேட்டது வேறொரு துணி. போக வர வண்டிக்கூலி, நூலுக்கு வாங்கிய கடனின் வட்டி, பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி விலையில் விற்றதால் ஏற்பட்ட நஷ்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவ்வாண்டு அங்கத்தினர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஊக்கத்தொகையைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. நான் கூறிய பொருள் எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் பதிவாகவில்லை. தணிக்கையிலும் என் பெயர் வரவில்லை. அதனாலேயே இன்று இதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

மயில்கண் என்பது கரையின் பெயர். மயிற்பீலியில் உள்ள கண்ணைப் போன்ற சிறு உருவங்கள் கரை நெடுக வரிசையாக அமைவது. வேட்டியிலும் அங்கவஸ்திரத்திலும் பட்டுச் சேலையிலும் இதைக் காணலாம். சேலத்து வெண்பட்டு வேட்டி கட்டியவர்களும் காஞ்சிபுரத்துப் பட்டு நெய்தவர்களும் இதை நன்கறிவர். இதன் உடன்பிறப்பைப் போலக் குயில்கண் என்ற ஒன்றும் உண்டு. நம் முன்னோர் துணியின் அணிகளுக்கு இட்ட பெயர்களே ஒரு தனி இலக்கியம்: வைரஊசி, மல்லிமொக்கு, ருத்திராட்சம், பாலும் பழமும். கண்ணுக்குத் தெரிந்த பொருளை அப்படியே பெயராக்கினர். ஆனால் இப்பெயர்கள் யாவும் அணியைக் குறிப்பனவே அன்றி, துணியின் உடல் எவ்வாறு நெய்யப்பட்டது என்பதைக் குறிப்பன அல்ல.

வெளிநாட்டார் துவாலை வியாபாரத்தில் பறவைக்கண் என்று கூறுவது நெசவமைப்பின் பெயர். துணியின் உடல் முழுவதும் சிறுசிறு சாய்சதுரங்கள் பரவி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி அமைந்திருக்கும். அந்தப் புள்ளியே கண்மணி. இதை நெய்வதற்குப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. நான்கு விழுதுகள் உள்ள தறியே போதும். பாவிழைகளை முதல் விழுது, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிக் கோத்து, பின் மூன்று, இரண்டு என்று இறக்கிக் கோக்க வேண்டும். மிதிகளையும் அவ்வாறே ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் மிதிக்க வேண்டும். ஏறும்போது ஒரு பக்கம் சாயும் வரி, இறங்கும்போது மறுபக்கம் சாய்கிறது. இரண்டும் கூடுமிடத்தில் சதுரம் பிறக்கிறது. டாபி பொருத்திய தறியில் இன்னும் நுட்பமான கண்களை எழுப்பலாம்.

அழகுக்காக மட்டும் இதை நெய்வதில்லை. சாதா நெசவில் ஒவ்வோர் இழையும் அடுத்த இழையின் மேலும் கீழுமாக மாறி மாறிப் பின்னிக்கொள்வதால் துணி இறுகி நிற்கிறது. பறவைக்கண்ணில் இழை இரண்டு மூன்று இழைகளைத் தாண்டி மிதந்து செல்கிறது. அந்த மிதப்பில் நீர் தங்குகிறது. ஆகவேதான் கைதுடைக்கும் துண்டுகள், மேசைத் துண்டுகள், பச்சிளங் குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் துணிகள் ஆகியவற்றுக்கு இது விசேஷமாக வேண்டப்பட்டது. இன்று கடையில் விற்கும் ‘டயப்பர்’ என்பதன் பெயர்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. முதலில் அது சாய்சதுரக் கோலமிட்ட ஒரு துணியின் பெயராக இருந்தது; பிறகு அத்துணியால் ஆன குழந்தைக் கச்சையின் பெயராயிற்று; இப்போது துணியே இல்லாத சரக்குக்கும் நிலைத்துவிட்டது. நமது சங்கங்களில் துவாலை நெய்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. நீரை நன்கு உறிஞ்ச வேண்டிய துணிக்குக் கடுமுறுக்கு நூலைப் போட்டால் பறவைக்கண் நெய்தும் பயனில்லை.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கோட்டுத் துணி வியாபாரியிடம் பறவைக்கண் என்றால், இருண்ட நூலும் வெளிர் நூலும் இரண்டிரண்டாக மாறி வர, துணி முழுவதும் ஊசிமுனை போன்ற புள்ளிகள் தோன்றும் கம்பளித் துணி. எட்ட நின்று பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்வோரிடம் அதே சொல்லைக் கூறினால், விளையாட்டுச் சட்டைக்குரிய, நுண்துளைக் குழிகள் கொண்ட பின்னல் துணியை எடுத்துக் காட்டுவர். அவர்களுள் ஜக்கார்டு இயந்திரம் ஓட்டுபவரோ, பின்னல் துணியின் புறப்பக்கம் புள்ளிபுள்ளியாக அமைவதற்கு இப்பெயரை வழங்குவார். எல்லோரும் தத்தம் தொழிலில் சரியாகவே பேசுகின்றனர்.

வடமொழித் தருக்க நூலார் காகாக்ஷி நியாயம் என்று ஒன்று கூறுவர். காக்கைக்குக் கண்மணி ஒன்றே. அது தேவைப்படும் பக்கத்துக் குழிக்கு உருண்டு செல்லும் என்பது பழைய நம்பிக்கை. ஒரே சொல் இப்பக்கமும் அப்பக்கமும் சென்று பொருள் தருமிடத்தில் இதை உவமை காட்டுவர். காக்கைக்கு உண்மையில் இரு கண்களும் இரு மணிகளும் உண்டு என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் இந்தப் பறவைக்கண் என்னும் சொல் அந்த நியாயப்படியே குழிக்குக் குழி உருண்டு கொண்டிருக்கிறது. தறிக்குழியிலிருந்து அது உருண்டு சேரும் அடுத்த இடம் மிளகாய்த் தோட்டம்.

களமருதூர்ப் பெரியவரின் பேரன் கூறியது இந்த மிளகாயைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காந்தாரி மிளகாய் என்று வழங்குவது. ஊசிமிளகாய் என்பாரும் உளர். காய் ஓர் அங்குலத்துக்கு மேற்படுவது அரிது. மற்ற மிளகாய்கள் தலைகுனிந்து தொங்க, இது வானம் பார்த்து நிற்கும். ஒருமுறை நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் நின்று காய்க்கும். பழம் சிவப்பாகும் வகையும் உண்டு. வெளிறிய பச்சையாக இருக்கும் வகையும் உண்டு. மிளகாய் இனம் முழுவதுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வாயிலாக நம் நாட்டுக்கு வந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அதற்கு முன் நம்மவர்க்குக் காரம் என்றால் மிளகுதான்.

பறவைக்கும் இம்மிளகாய்க்கும் என்ன உறவு? காய் சிறிதாக, பறவையின் கண்ணைப் போல இருப்பதால் இப்பெயர் என்று சிலர் கூறுவர். பறவைகள் விரும்பித் தின்பதால் என்று சிலர் கூறுவர். இரண்டாவது காரணத்தின் பின்னே உள்ள உண்மை வியப்புக்குரியது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள், பாலூட்டிகளின் நாவிலும் தோலிலும் உள்ள உணர்விடங்களைத் தீப்பட்டாற்போல் தூண்டுகிறது. பறவைகளின் உணர்விடங்கள் அதற்கு மசிவதில்லை. கிளி மிளகாயைக் கொறித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுவே. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூக்ஸ்பரி, நப்ஹான் என்னும் இருவர் காட்டு மிளகாயைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், எலி முதலியவற்றின் வயிற்றில் சென்ற விதைகள் முளைக்காமல் போவதும், பறவையின் வயிற்றில் சென்ற விதைகள் பழுதின்றி முளைப்பதும் வெளிப்பட்டன. விதையை அழிப்பவனை விரட்டவும், பரப்புபவனை அழைக்கவும் செடி கண்ட உபாயம் அந்தக் காரம். வரப்போரத்தில் யாரும் விதைக்காத காந்தாரிச் செடி முளைத்திருப்பதைப் பார்த்தவர்கள், விதைத்தவர் யார் என்பதை இனி அறிவர்.

ஆயினும் இச்சொல்லை நம்பி நிலத்தை உழுதுவிடக் கூடாது. மிசோரத்தின் பறவைக்கண் மிளகாய்க்கு 2015-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பிரி-பிரி என்று வழங்குவதும் இப்பெயராலேயே வியாபாரமாகிறது. தாய்லாந்தின் சிறு மிளகாயையும் ஆங்கிலத்தில் பறவைக்கண் என்றே எழுதுகின்றனர். ஆனால் அந்நாட்டார் தம் மொழியில் அதற்கு இட்டிருக்கும் பெயரின் பொருள் எலிப்புழுக்கை மிளகாய் என்பது! காந்தாரி ஒரு சிற்றினம். தாய்லாந்து மிளகாய் நமது சம்பா, முண்டு வகைகள் சேர்ந்த வேறொரு சிற்றினம். கொள்முதல் செய்பவர் எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் நாற்று வாங்குவது, நான் துவாலைக்குப் பொருள் சொன்னதைப் போன்றதே. மேலும், இத்தனை சிறிய காயைப் பறிப்பதற்கு ஆகும் கூலியைக் கணக்கிடாமல் விலையை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒரு கிலோ சேர்வதற்குள் எத்தனை காய் கிள்ள வேண்டும் என்பதைக் கிள்ளிப் பார்த்தவர்களே அறிவர்.

இனி, விவசாயிகள் விரும்பாத பறவைக்கண் ஒன்று உண்டு. கொடிமுந்திரியில், அஃதாவது திராட்சையில், ஒருவகைப் பூசணத்தால் காய்களின் மேல் வட்டமான புள்ளிகள் விழும். நடுவில் சாம்பல் வெண்மை, சுற்றிலும் கருஞ்சிவப்பு விளிம்பு. பார்ப்பதற்கு அப்படியே பறவையின் கண். ஆங்கிலத்தில் இதற்குப் பறவைக்கண் அழுகல் என்றே பெயர். தேயிலை இலையிலும், ரப்பர் நாற்றங்காலிலும் இத்தகைய கண்புள்ளி நோய்கள் உண்டு. நம் பக்கத்தில் திராட்சையும் ரப்பரும் குறைவு என்பதால் இதைக் கடந்து சென்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். நெல்லின் குலைநோயும் இலையில் கண் போன்ற புள்ளியாகவே தொடங்குகிறது. இங்கேதான் பார்வை தவறினால் விளைச்சல் போய்விடும்.

குலைநோயின் புள்ளி கதிர்வடிவானது; இரு முனைகளும் கூர்மையாக, மனிதனின் கண்ணைப் போல நீண்டு, நடுவில் சாம்பல் நிறமும் விளிம்பில் பழுப்பும் கொண்டிருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளியோ முனை கூராமல், எள்ளைப் போல் நீள்வட்டமாக அல்லது உருண்டையாக இருக்கும். எட்ட நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ‘இலையில் புள்ளி விழுந்துவிட்டது’ என்பதுதான். ஆனால் குலைநோய், தழைச்சத்தை மிகுதியாக ஊட்டிய வயலில் வெறிகொண்டு பரவும். செம்புள்ளியோ பசித்த மண்ணின் நோய். சத்துக் குறைந்த, சாம்பல்சத்துப் பற்றாத நிலத்தில் பயிரைப் பிடிக்கும். செம்புள்ளி என்று நினைத்துப் பயிருக்கு ஊட்டம் தருவதாகக் குலைநோய் கண்ட வயலில் யூரியாவைத் தூவினால், நெருப்பில் நெய் ஊற்றியவாறாகும். செம்புள்ளியை அற்பமாக நினைப்பதற்கும் இல்லை. 1942-இல் வங்காளத்தில் இந்நோய் பெருவாரியாகப் பரவியதை, அடுத்த ஆண்டின் கொடிய பஞ்சத்தின் காரணங்களுள் ஒன்றாக ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே, புள்ளி கண்டவுடன் கடைக்கு ஓடாமல், இரண்டு இலைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்வது சிறந்தது. வாயால் வர்ணிப்பதைவிட இலையைக் காட்டுவது மேல்.

இதுகாறும் கூறியவை பறவையின் கண்ணைப் போன்ற பொருள்கள். பறவை தன் கண்ணால் காண்பதைப் போன்று காண்பதற்கும் இதே பெயர் வழங்குகிறது. பறவைப் பார்வை என்று நாம் அதை மொழிபெயர்த்துக்கொண்டோம். பத்திரிகைகளில் கழுகுப் பார்வை என்றும் வருகிறது. தமிழுக்கு இக்கருத்து புதிதன்று. நன்னூலார் சூத்திரங்களின் நிலையைக் கூறுமிடத்துப் பருந்தின் வீழ்வு என்பதையும் ஒன்றாக வைத்தார். பருந்து உயரத்தில் வட்டமிட்டுத் தனக்கு வேண்டியதன்மேல் மட்டும் வீழ்ந்து எடுத்துச் செல்வது போல, இடையிலுள்ளவற்றை விட்டுக் கருதியதைக் கொள்வது அது. ஆங்கிலச் சொல்லில் பரப்பு முழுவதையும் பார்ப்பது முதன்மை; நம் உவமையிலோ வேண்டியதை எடுப்பது முதன்மை. எனக்கு நம் உவமையே பிடித்திருக்கிறது.

வானில் ஏறாமலேயே நிலத்தை வானிலிருந்து பார்த்தாற்போல் எழுதும் வித்தையை அளவைத் துறையார் கற்றிருந்தனர். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் லாம்டன் என்னும் அதிகாரி சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பாரத நாடு முழுவதும் அளக்கப்பெற்றது. நம் கிராமக் கணக்கில் உள்ள புலப்படமும் அத்தகைய தரைவேலையின் பயனே. பலூனில் ஏறி நாடார் என்னும் பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக வானிலிருந்து புகைப்படம் எடுத்தது 1858-இல். (பெயரைப் பார்த்து நம் நாட்டவர் என்று எண்ணவேண்டா, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.) பின்னர், ஜெர்மனியில் நாய்ப்ரோனர் என்பவர் புறாக்களின் மார்பில் சிறு காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டு 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மையான பறவைப் பார்வையையே எடுத்துக் காட்டினார். இன்று டிரோன் என்னும் ஆளில்லாப் பறவை அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு வேற்றுமையை மட்டும் நினைவில் இருத்துக. புலப்படம் நேர்மேலிருந்து பார்ப்பது. அதில் தூரத்து நிலமும் பக்கத்து நிலமும் ஒரே அளவையில் இருக்கும். பறவைப் பார்வைச் சித்திரம் சாய்வாகப் பார்ப்பது. எட்ட உள்ளது சிறிதாகவும் கிட்ட உள்ளது பெரிதாகவும் தோன்றும். முன்னதைக் கொண்டு எல்லையைத் தீர்க்கலாம்; பின்னதைக் கொண்டு தீர்க்க முடியாது. கல்வராயன் மலைச்சரிவில் நின்று கோமுகி அணையையும் கீழுள்ள கரும்பு, மரவள்ளி வயல்களையும் பார்ப்பவர்க்குப் பின்னது இலவசமாகக் கிடைக்கிறது. என் வேலையில் நான் அஞ்சுவது, சில ஆண்டறிக்கைகளின் தலையில் ‘ஒரு பறவைப் பார்வை’ என்று போட்டிருப்பதைக் கண்டுதான். அத்தலைப்பின் கீழ் வரும் அறிக்கைகளில் தவணை தவறிய கடன் எவ்வளவு என்பது பெரும்பாலும் அத்தனை உயரத்திலிருந்து தெரிவதில்லை.

வேறு சில பிரயோகங்களை விரைவாகக் கூறிவிடுகிறேன். வட அமெரிக்காவில் வளரும் மேப்பிள் மரத்தின் பலகைகள் சிலவற்றில் சிறுசிறு சுழிகள் கண்கண்ணாகத் தோன்றும், அதற்குப் பறவைக்கண் மேப்பிள் என்று பெயர், விலையும் மிகுதி. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலாளர்க்குக் கணு என்றால் உளி தடுக்கும் இடம். அங்கோ அதுபோன்ற சுழிக்கே காசு. செருந்தி இனச் செடிகளை ஆங்கிலத்தில் பறவைக்கண் செடி என்பர். மஞ்சள் பூ உதிர்ந்தபின் சிவந்த புல்லிகளின் நடுவே பளபளக்கும் கருங்காய்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். கடைகளில் உறைகாய்கறிப் பொட்டலத்தின் மேல் இப்பெயர் அச்சிட்டிருந்தால், அங்கே பறவையும் இல்லை, கண்ணும் இல்லை. கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ என்னும் அமெரிக்கரின் குடும்பப்பெயர் அது. லாப்ரடார் பனிநாட்டில், பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்து, மாதங்கள் கழித்தும் சுவை மாறாதிருப்பதைக் கண்டார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் உண்டாகித் திசுவைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் பளிங்கு நுண்ணிதாகித் திசு பிழைக்கும் என்பதே அதன் சூட்சுமம். 1930-இல் அவர் முறையில் உறைந்த உணவுப் பொருள்கள் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து தவிக்கும் காய்கறி விவசாயிக்கு, இவ்வரிசையில் அதிகம் பயன்படக்கூடிய பறவைக்கண் இதுதானோ என்று சில வேளை நினைப்பதுண்டு. ஆனால் குளிர்பதனத்துக்கு ஆகும் மின்சாரச் செலவைத் தனியொரு சங்கம் தாங்குவது கடினம்.

மறுபடியும் துவாலைக்கு வருகிறேன். இத்தகைய கடிதம் வந்தால், பொருளை என்னைப் போன்றவரிடம் கேட்பதற்கு முன் அனுப்பியவரிடமே கேட்க வேண்டும். கண் கரையிலா, உடலிலா? நூல் எந்த நம்பர்? அங்குலத்துக்குப் பாவிழை எத்தனை, ஊடையிழை எத்தனை? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாண் மாதிரித்துணி அனுப்பச் சொல்லி, அதைத் தறியில் பார்த்து, நாம் நெய்த ஒரு சாணை அவர்க்கு அனுப்பி, அவருடைய கையொப்பத்துடன் திரும்பப் பெற்றபின்பே பாவு ஓட்ட வேண்டும். அந்த மாதிரித்துணியைக் கடிதத்தோடு தைத்துக் கோப்பில் வைத்துவிட்டால், பின்னால் வழக்கு என்று வந்தாலும் சங்கம் நிமிர்ந்து நிற்கலாம்.

களமருதூர்ப் பெரியவரிடம் அன்று இவ்வளவும் கூற நேரமில்லை. “அது காந்தாரி மிளகாயாக இருக்கலாம் ஐயா. ஆனால் வாங்குகிறவர் எந்த வகையைக் கேட்கிறார் என்று பேரனிடம் விசாரித்து, முடிந்தால் ஒரு பிடி காயே வரவழைத்துப் பாருங்கள்” என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, காகிதத்தின் அடியில் ‘காந்தாரி?’ என்று எழுதி, கேள்விக்குறியை மட்டும் இன்னொரு முறை அழுத்தி வரைந்து, முன்போல் மடித்து வைத்துக்கொண்டார்.